தலையைக் காட்டிவிட்டுப் போகிறவர்கள்

சேனல் ஆரம்பித்த புதிதில் எங்கள் வீட்டில் தினமும் பால் பொங்கி வழிந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று மொபைலைத் திறப்பேன். போன தடவை திறந்ததற்கும் இதற்கும் நடுவில் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். அது தெரிந்தே திரையைக் கீழே இழுத்து விடுவேன். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே எண்ணைக் காட்டும். அதற்குள் தீய்ந்த வாசனை வரும். என் கணவர் துணியை எடுத்து அடுப்பைத் துடைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பேங்குக்குக் கிளம்புவார். அவருடைய பொறுமை எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு வார்த்தை திட்டினால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

சேனல் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. தமிழ் மட்டும் தெரிந்து கர்நாடகத்துக்குப் பிழைக்க வருகிறவர்களுக்குப் பேச்சுக் கன்னடம் சொல்லிக் கொடுப்பது. மைசூரில் எங்கள் மாடிப் போர்ஷனுக்குத் திண்டுக்கல்லிலிருந்து புதிதாகக் கல்யாணமானவர்கள் குடிவந்தார்கள். அந்தப் பெண் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆளிடம் கையாலும் கண்ணாலும் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து, நாலைந்து வாக்கியம் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் தெருவில் காய்க்காரரிடம் அவள் கன்னடத்தில் பேரம் பேசினாள். எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அத்தனை வருஷம் கணக்கு டீச்சராக இருந்து, இயற்கணிதம் நடத்தி நடத்தித் தொண்டை கட்டி, ஒரு பிள்ளை மறுநாளே அதைத் தெருவில் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

அந்த டீச்சர் வேலை அண்ணன் பார்த்துக் கொடுத்தது. அப்பா மைசூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்விட்டார். அவர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்த அண்ணன் அப்பா இடத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். நான் படிக்க வேண்டிய கல்லூரி, பாடம், வேலை, மாப்பிள்ளை எல்லாம் அவர் தேர்ந்தெடுத்தவை. எதிலும் குறை சொல்ல முடியாது. மாப்பிள்ளையில் கூட, அந்தப் பொறுமையைத் தவிர. ஆனால் நாற்பதை நெருங்கும்போது, நானாகத் தேர்ந்தெடுத்தது என்று சொல்ல என்னிடம் ஒரு சேலை கூட உருப்படியாக இல்லை என்று தோன்ற ஆரம்பித்தது. மாமியார் எடுத்துக் கொடுத்தது, அண்ணி எடுத்துக் கொடுத்தது, இப்படியே பீரோ நிறைந்திருந்தது.

பள்ளியில் ஒரு வருஷம் சம்பளமில்லாத லீவு கேட்டேன். ஜூனில் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்றார்கள். ஆகவே சேனல் அதற்குள் எழுந்து நிற்க வேண்டும். நின்றால் அது என்னுடையது. நிற்காவிட்டால் திரும்பவும் எட்டாம் வகுப்பு பி பிரிவு.

அண்ணனிடம் சொல்லத்தான் பயந்தேன். நல்ல வேலையை விட்டுவிட்டு இது என்ன கூத்து என்பார் என்று, பதில்களையெல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். ஒன்றுக்கும் வேலையில்லாமல் போனது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. அண்ணியைக் கூப்பிட்டு, நம் பாப்பா இனி டிவியில் வருவாள் என்றார். டிவி இல்லை என்று சொன்னேன், அவர் காதில் ஏறவில்லை. அன்றே வேலையில் இறங்கிவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்கும் ஆள் திரட்டுவது அண்ணன்தான். மைசூர், கொள்ளேகால், ஹனூர் என்று சிதறிக் கிடக்கும் அத்தனை உறவும் அவர் ஒரு ஃபோன் போட்டால் வந்து நிற்கும். ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம் இருந்தாலும் எங்கள் ஆட்கள் மூன்றுக்கும் போவார்கள். உள்ளே நுழைந்து, கல்யாண வீட்டார் கண்ணில் பட்டு, ஒரு கும்பிடு போட்டு, அட்சதையைத் தூவிவிட்டு அடுத்த மண்டபத்துக்கு பஸ் ஏறுவார்கள். அதற்குத் தலையைக் காட்டுவது என்று பெயர். தலையைக் காட்டாவிட்டால்தான் கோபதாபம் எல்லாம். காட்டிவிட்டால் எவ்வளவு நேரம் இருந்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

என் சேனலுக்கும் அண்ணன் அப்படித்தான் ஆள் திரட்டினார். குடும்பக் குரூப்பில் போட்டதோடு விடவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபோன் செய்தார். கொள்ளேகாலில் ஒரு கல்யாணத்தில், பெரியவர்கள் சட்டைப் பையிலிருந்து மொபைலை அவரே எடுத்து, அவரே அமுக்கி, திரும்ப அவர்கள் பையில் வைத்தார். இரண்டாவது பந்தி முடிவதற்குள் எனக்கு நூற்றுக்கணக்கில் சந்தாதாரர்கள். வெறும் கையோடு ஆரம்பித்தவளுக்கு இது போதாதா என்று நானும் பூரித்துப் போனேன்.

வீடியோ போட்ட கையோடு கமென்ட்கள் வந்து குவியும். 'சூப்பர் பாப்பா', 'வாழ்க வளமுடன்', கும்பிடும் கைகள், ரோஜாப்பூ. ஒரு சித்தப்பா ஒவ்வொரு வீடியோவின் கீழும் 'பெரியவர்கள் ஆசி' என்று எழுதினார். கஸ்டமர் கேரில் பேசுவது எப்படி என்ற வீடியோவுக்கும் பெரியவர்கள் ஆசிதான்.

ஆனால் எண் நகரவில்லை. வீடியோ போட்ட முதல் மணி நேரத்தில் குபுகுபுவென்று ஏறும், அப்புறம் அப்படியே உட்கார்ந்துவிடும். நான் வெளிச்சத்தை மாற்றினேன். புது மைக் வாங்கினேன். படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு மாறினேன். ஹாலில் பக்கத்து வீட்டு மிக்ஸி கேட்டது என்று திரும்பவும் படுக்கையறைக்கு மாறினேன். சேலைக்குப் பதில் சுடிதார் போட்டுப் பார்த்தேன். வேகமாகப் பேசினேன், மெதுவாகப் பேசினேன். இரண்டு பிள்ளைகளும் ஸ்கூலிலிருந்து வரும்போது நான் பீரோவை நகர்த்திக்கொண்டிருப்பேன். வீட்டில் எந்தச் சாமானும் வைத்த இடத்தில் இல்லை, நானும்தான். நடந்துகொண்டே சாப்பிட்டேன். எதிரில் இருப்பவர் பேசும்போது அவர் வாயைப் பார்த்துக்கொண்டே கையால் மொபைலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

தப்பித்தவறி வந்த வெளியார் ஒருவரும் 'அக்கா உங்க சொந்த ஊர் எது, தமிழ் ஒரு மாதிரி இருக்கே' என்று கேட்டுவிட்டுப் போனார். நான் படித்தது கன்னட மீடியம். எங்கள் வீட்டுத் தமிழில் பாதி இடத்தில் கன்னடம் உட்கார்ந்திருக்கும். இங்கே பிறந்த தமிழர்கள் எல்லாருக்கும் அப்படித்தான், அதற்கு நான் என்ன செய்ய? அப்படியே பதில் போட்டேன். அவர் திரும்பி வரவில்லை.

சேனல் நடத்துகிறவர்களுக்கு மட்டும் தெரியும்படி உள்ளே ஒரு பக்கம் உண்டு. வீடியோ தொடங்கும்போது நூறு பேர் இருந்தால் முடியும்போது எத்தனை பேர் மிச்சம் என்று அதில் ஒரு கோடு காட்டும். அதை நான் பல நாள் திறக்கவே இல்லை. கணக்கு டீச்சருக்கு வரைபடத்தைக் கண்டு பயம் என்றால் யாராவது நம்புவார்களா? ஒரு மத்தியானம் திறந்தேன். என் கோடு மேலே தொடங்கி, நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் தரைக்கு வந்திருந்தது. அதற்குப் பிறகு நான் பேசியதெல்லாம் காலி நாற்காலிகளுக்கு. எந்த வீடியோவை எடுத்தாலும் அதே கதை. பார்த்தவர்கள் எந்த ஊர் என்று கீழே போட்டிருந்தது. மைசூர், கொள்ளேகால், ஹனூர்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வந்தவர்கள் எல்லாம் எங்கள் ஆட்கள். ஒருவருக்கும் என் பாடம் தேவையில்லை. எல்லாரும் இங்கேயே பிறந்து வளர்ந்து, என்னைவிட நன்றாகக் கன்னடம் பேசுகிறவர்கள். வந்து, லைக் போட்டு, ஆசி எழுதி, தலையைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். கல்யாண மண்டபத்தில் அது மரியாதை. இங்கே ஆள் பார்த்து அனுப்புவது ஒரு மெஷின். வந்தவர்கள் எல்லாரும் வந்த வேகத்தில் ஓடுகிறார்கள் என்றால், இது ஒன்றுக்கும் ஆகாத வீடியோ என்று அது முடிவு கட்டிவிடும். கட்டிவிட்டது. பெங்களூரில் பஸ் ஸ்டாண்டில் எங்கே இறங்குவது என்று கேட்கத் தெரியாமல் நிற்கிற ஒரு திருநெல்வேலிப் பையனுக்கு என் முகத்தை அது காட்டவே இல்லை. கொள்ளேகால்காரர்களுக்கே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது.

யாரிடம் கோபப்படுவது? அன்பாக வந்தவர்கள். அந்த அன்பு என் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அண்ணனிடம் சொல்லாமல் தப்பிக்க ஒரு வழி செய்தேன். வேறு பெயரில் ரகசியமாக இன்னொரு சேனல் ஆரம்பித்தேன். கணவரிடம் மட்டும் சொன்னேன். ஒரே ஒரு வீடியோ போட்டேன். மறுநாள் காலையில் குடும்பக் குரூப்பில் அண்ணன், 'பாப்பாவின் இரண்டாவது சேனல், அனைவரும் ஆதரவு தரவும்' என்று போட்டிருந்தார். அவர் மொபைலில் என் வீடியோக்களை ஓயாமல் திறந்துகொண்டிருந்ததால் அந்த மெஷின் புதியதையும் கொண்டுபோய் முதல் ஆளாக அவரிடம் நீட்டியிருக்கிறது. மத்தியானத்துக்குள் சித்தப்பாவின் ஆசியும் வந்து சேர்ந்தது. நான் சோபாவில் படுத்துச் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க அழுகை வந்துவிட்டது. கணவரை அண்ணனிடம் பேசச் சொன்னேன். உங்கள் வீட்டு விஷயத்தில் என்னை இழுக்காதே என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஏப்ரல் ஆகிவிட்டது. பள்ளியிலிருந்து, வருகிறீர்களா இல்லையா என்று கேட்டு ஆள் விட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாதவகிரியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். இதுவரை அவரிடம் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அண்ணி தோசை வார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் சாப்பிட்டபடியே, அவருடைய ஒர்க்‌ஷாப் ஆட்களையும் சேர்க்கப் போவதாகச் சொன்னார். அதற்கு மேல் தாங்காது என்று மொபைலைத் திறந்து அந்தக் கோட்டைக் காட்டினேன். ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

"அண்ணா, நம்ம ஆளுங்களுக்கெல்லாம் கன்னடம் தெரியும். வராங்க, உடனே போயிடறாங்க. எல்லாரும் போறதப் பாத்து, இது நல்லால்லன்னு அது வெளியாளுங்களுக்குக் காட்டறதே இல்ல."

அது யார் என்று கேட்டார். மெஷின் என்றேன். கொஞ்ச நேரம் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தானும் முழுதாகப் பார்ப்பதில்லை என்றார்.

"லைக் போட்டுட்டு வச்சிருவேன். உனக்குக் கன்னடம் வரும்னு எனக்குத் தெரியாதா?"

எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. ஆனால் எழுந்து போனால் ஜூனில் எட்டாம் வகுப்பு. உட்கார்ந்தே இருந்தேன்.

"அப்போ நாங்க பாக்கறதுதான் உனக்கு ஆகல," என்றார்.

"ஆமாண்ணா."

அண்ணி தோசைக் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கை கழுவினார். திரும்பி வந்து, "சரி. இனிமே யாரும் பாக்க மாட்டாங்க. அஷ்டே அல்வா?" என்றார். அவ்வளவுதானே என்று கன்னடத்தில் கேட்டார். பேச்சை முடிக்கும்போது அவருக்கு எப்போதும் கன்னடம்தான் வரும்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் குரூப்பில் செய்தி வந்துவிட்டது. 'பாப்பா சேனலை இனி நம்ம ஆட்கள் யாரும் பார்க்கக் கூடாது. சேர்ந்தவர்கள் விலகிவிடவும்.' காரணம் ஒரு வரி கூட இல்லை. அன்று சாயங்காலம் வரை என் மொபைல் ஓயவில்லை. ஒரு அத்தை, அண்ணனுக்கும் உனக்கும் சொத்துத் தகராறா என்று நேரடியாகவே கேட்டார். இன்னொருவர், அப்படி என்ன அசிங்கமாகப் பேசினாய் என்று கேட்டார். அதற்கடுத்த கல்யாணத்தில் அண்ணன் அதே பெரியவர்களின் சட்டைப் பையிலிருந்து அதே மொபைல்களை எடுத்து, விலக்கிவிட்டுத் திரும்ப வைத்தார் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு அமுக்கச் சொன்னாய், இன்றைக்கு எடுக்கச் சொல்கிறாய் என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள். அவர் எதற்கும் பதில் சொல்லவில்லையாம். இது வீம்பு என்று எனக்குப் பட்டது. நான் சொன்னது தப்பில்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனாலும் இப்படி ஊரறிய வெட்டிவிட வேண்டுமா என்று அண்ணன் மேல் கோபம் கோபமாக வந்தது.

சேனல் காலியானது. ஒரு ஆசி கிடையாது, ஒரு ரோஜாப்பூ கிடையாது. அந்த நாட்கள் முன்பைவிட மோசம். வீடியோவைப் போட்டுவிட்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடப்பேன். மே மாதத்தில் ஒரு கமென்ட் வந்தது. பெங்களூரில் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்த பெண். 'பேஷண்டோட அம்மாகிட்ட பயப்படாதீங்கன்னு சொல்லணும் அக்கா, எப்படிச் சொல்றது?' என்று கேட்டிருந்தாள். அன்றே அதை வீடியோவாகப் போட்டேன். வெளிச்சம், மைக், பீரோ எதையும் பார்க்கவில்லை. அவளுக்கு மட்டும் சொல்வது போலச் சொன்னேன். அவள் தன் ஹாஸ்டலில் காட்டினாள். ஹாஸ்டலில் இருந்தவர்கள் கடைசி வரை பார்த்தார்கள். கோடு முதல் தடவையாகத் தரைக்கு வராமல் நடுவில் நின்றது. அதற்குப் பிறகு எல்லாம் மெதுமெதுவாக நகர்ந்தது. ஜூன் வந்தது, பள்ளிக்கூடம் போகவில்லை.

அடுத்த தசராவில் மைசூர் ஸ்டேஷனில் ஒரு குடும்பம் என்னை நிறுத்தி, நீங்கள் கன்னட அக்காதானே என்று படம் எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு ஓடிவந்தேன். அண்ணனுக்கு ஃபோன் செய்ய எண்ணை எடுத்தேன், செய்யவில்லை. அண்ணன் வருவார், போவார், பிள்ளைகளுக்குப் பலகாரம் வாங்கி வருவார். எல்லாம் பழையபடிதான். சேனலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. நான் பேச்செடுத்தால் மழையைப் பற்றிப் பேசுவார். ஒவ்வொரு வீடியோ போடும்போதும் கமென்ட் போட்டவர்கள் பெயர்களில் அவர் பெயர் இருக்கிறதா என்று தேடுவேன். ஆயிரக்கணக்கில் வந்துகொண்டிருந்தார்கள். எனக்குப் போதவில்லை. அவர் ஒரு தடவை தலையைக் காட்டிவிட்டுப் போனால் போதும் என்று இருந்தது. அதைத்தான் நான் வேண்டாம் என்றிருந்தேன்.

இப்படியே இரண்டாம் வருஷமும் ஓடியது. கொள்ளேகாலில் பெரியப்பா பேரன் கல்யாணம். அண்ணன் வழக்கம் போலப் பந்தி விசாரணையில் இருந்தார். நான் சாப்பிட உட்கார்ந்த வரிசையில் என் குரல் கேட்டது. நாலு இலை தள்ளி, ஈரோட்டிலிருந்து புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண், இலைக்குப் பக்கத்தில் மொபைலை நிமிர்த்தி வைத்து என் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் எங்கிருந்தோ வேகமாக வந்தார்.

"மூடும்மா, மூடு. நம்ம ஆளுங்க அதப் பாக்கக் கூடாது."

அந்தப் பெண் மிரண்டு போனாள். "எனக்குக் கன்னடம் வராதுங் மாமா. இத வெச்சுத்தானுங் நான் கத்துக்கறேன்," என்றாள்.

அண்ணன் குழம்பிப்போனார். சுற்றிலும் பார்த்தார். என்னைக் கண்டதும் நேராக வந்து, குனிந்து, ரகசியம் போலக் கேட்டார்.

"இந்தப் பொண்ணு பாக்கலாமா? இதுக்குக் கன்னடம் வராதாம்."

பாக்கலாம் என்றேன். அவருக்கு நிம்மதி வந்தது முகத்தில் தெரிந்தது. அங்கிருந்தே அவளிடம், பாரு பாரு, முழுசாப் பாரு, நடுவில எழுந்திருக்காதே என்று கையைக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "ரெண்டு வருஷமா நம்ம ஆளு ஒருத்தன விடலம்மா. யாராவது தொறந்தா எனக்குத் தெரிஞ்சிடும்," என்றார். அதில் கோபம் ஒரு பொட்டும் இல்லை. கல்யாணத்துக்கு முந்நூறு பேரைத் திரட்டிவிட்டுச் சொல்வாரே, அதே பெருமை.

அவருக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாளும் நான் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். அவர் வாசலில் நின்று காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீங்க பாக்கலாம்ணா. இப்ப ஒண்ணும் ஆகாது," என்றேன்.

"பேடா, பேடா. வேண்டாம்மா. எனக்குத்தான் கன்னடம் வருமே. நல்லாப் போறத நான் போய்க் கெடுக்கறதா?"

எவ்வளவோ சொன்னேன். அசையவில்லை. ஒரு ஆள் வந்தால் கோடு அப்படியெல்லாம் சாயாது என்றேன். அந்தக் கணக்கெல்லாம் உனக்கு, எனக்கு வேண்டாம் என்றார். பந்தியில் யாரோ ரசம் கேட்டார்கள். அவர் போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"பாக்கத்தான கூடாது. கேட்டா ஒண்ணுமில்லல்ல. கடைசியா என்ன சொல்லிக் குடுத்த?"

வீட்டு ஓனர் திடீரென்று வாடகையை ஏற்றுகிறேன் என்று சொன்னால் என்ன பேச வேண்டும் என்பது அந்த வாரப் பாடம். சொன்னேன். மைசூரிலேயே பிறந்து, எல்லாரிடமும் கன்னடத்திலேயே சண்டை போட்டு, ஒர்க்‌ஷாப் யூனியனில் கன்னடத்திலேயே மேடை ஏறிய மனிதர், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"என்ன பேசணும்?" என்று கேட்டார், கன்னடமே தெரியாதவர் போல.